முற்றத்தில் புதைத்த பேணி

மகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் இடையில் பேசி என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு தேசிய கோல்ப் தொடரில் ஐந்து போட்டிகள் ஆடினீர்கள். ஐந்திலும் புள்ளி போதாமல் இரண்டாம் நாளே வெளியேறினீர்கள். நுவரெலியாவில் நடக்கும் கடைசிப் போட்டிக்கு நிற்காமல் கல்லடி வீட்டுக்கே வருவதாகச் சொல்கிறீர்கள். ஒரு மீற்றரில் கிடக்கும் பந்தைக்கூடக் குழியில் போடத் தெரியாதவன் என்று உங்களை நீங்களே ஏசுகிறீர்கள்.

போன கிழமை என் அண்ணன் வந்தார். "பாசிக்குடா ஹோட்டலில மச்சானுக்கு வேலை பார்த்து வெச்சிருக்கன். விளையாடினது போதும், வரச் சொல்லு" என்றார்.

"அவர் வேலையிலதான் இருக்கார்" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அவர் போனதும் முற்றத்து மணலைத் தண்ணீர் ஊற்றி இறுக்கி, வெறும் பால்மாத் தகரப் பேணியை வாய் மேலே தெரியப் புதைத்தேன். உங்கள் பழைய மட்டையால் ஒரு மீற்றரில் இருந்து அடித்தேன். மகள் எண்ணினாள். நூறு தடவை அடித்ததில் பதினொன்றுதான் விழுந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். நான் நிறுத்தவில்லை.

பந்து பேணிக்குள் விழும்போது ஒரு சத்தம் வருகிறது. அதைக் கேட்டபின் எனக்கே மட்டையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. நீங்கள் அதைப் பதினேழு வருடமாகக் கேட்டவர்.

நுவரெலியாவுக்குப் போய் ஆடுங்கள். போட்டி நடத்துபவர்கள் வெளியே அனுப்பினால் வாருங்கள். நீங்களாக வராதீர்கள். அப்படி வந்தால் முற்றத்தில் உங்களுக்கு இடமில்லை. அங்கே நாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம். மகளுக்கு இப்போது நூற்றுக்கு இருபது விழுகிறது.

கையில் மட்டையோடு,
உங்கள் மனிசி