சீட்டின் மேல் போட்ட ஆட்டுத்தோல்

அன்பு மகன் மெய்ராமுக்கு, கரகந்தாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், குளிர் இறங்கியதும் முழங்கால் மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறது. உன் நலமும் கலாம்காஸ் நலமும் அவள் வயிற்றில் இருப்பவரின் நலமும் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்திலேயே உன் மாமியார் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி, படித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காரைக் காட்டினாயே, நான் அனுப்பிய சீட் ஹீட்டரை நீயே மாட்டிவிட்டதாகப் பெருமைப்பட்டாயே, அதன்மேல் சம்பந்தியம்மா விரித்த அந்தத் தடித்த வெள்ளை ஆட்டுத்தோலைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சி குளிர்ந்த சீட்டில் உட்காரக்கூடாது என்று அவள் தோலைப் போட்டாள், அதே பயத்தில்தான் நானும் ஹீட்டரை அனுப்பினேன். இரண்டு பேர் பாசமும் சேர்ந்து அந்தப் பெண்ணைச் சுட்டுவிடும் போலிருக்கிறது.

நான் சும்மா பயப்படுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். இந்த வாரம் டாக்ஸி ஓட்டும் சாபித், என்னிடம் வாங்கிய ஹீட்டரின் கருகிப்போன பட்டையைக் கொண்டுவந்து சந்தையில் என் கடை மேசையில் போட்டு, ஸௌரே அக்கா, நீங்க வித்தது சீட் ஹீட்டரா, ரொட்டி சுடுற அடுப்பா என்று சந்தையே கேட்கக் கேட்டான். மேலே என்னடா போட்டிருந்தே என்றேன். பெண்டாட்டி தைத்த பஞ்சு மெத்தையாம், அதுவும் இரண்டாக மடித்து. கொதிக்கிற பானைக்கு மூடியைப் போட்டுட்டுப் பானையைத் திட்டுறியாடா என்று அனுப்பிவைத்தேன். வாயால் சிரித்தேன், கண்முன்னால் உன் சீட்டில் கிடக்கும் ஆட்டுத்தோல்தான் நின்றது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கீழேயே தேங்கி நிற்கும். அவன் விழித்திருந்ததால் கால்சட்டையோடு போயிற்று. கலாம்காஸ் காரில் ஏறியதும் தூங்குகிறவள், தூங்குகிறவளுக்குச் சூடு எப்படித் தெரியும்? ஹீட்டரை அணைத்துவிடு என்றும் சொல்ல முடியவில்லை. ஜனவரியில் வலி எடுத்தால் உங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்த வெட்டவெளி ரோட்டில் பாதி நாள் ஓட்டவேண்டும், உன் பழைய காரில் வருகிற சூடான காற்று ஈ ஊதுகிற மாதிரி. ஆகவே ஹீட்டர் இருக்கட்டும், தோல் போகட்டும். இன்னொன்று, சிகரெட் லைட்டர் வயரிலிருந்தே ஹீட்டருக்குக் கரண்ட் இழுத்துவிட்டேன் என்றாய். கெட்டிக்காரத்தனம் வேண்டாம். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் ரிலேயும் ஃபியூஸும் வைத்திருக்கிறேன், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து பேட்டரியிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல். சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கட்டும், வயர் எங்கேயும் நசுங்கக்கூடாது. சீட்டின்மேல் முழங்காலை ஊன்றி ஏறாதே, உள்ளே பட்டை மடிந்தால் மடிந்த இடம்தான் முதலில் கருகும்.

இனி தோல் விஷயம். உங்க தோல் உங்க பெண்ணையே சுடும் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிப் பார், அப்புறம் தெரியும். கல்யாண விருந்தில் பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையை அவள் அண்ணன் முன்னால் வைக்கவில்லை என்று குளிர்காலம் முழுக்க நம்மோடு பேசாதவள். மாப்பிள்ளை உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம் என்று நம் ஆட்கள் சொல்வது சும்மா இல்லை. அதனால் இப்படிச் செய். அம்மா வீடியோவில் அந்தத் தோலைப் பார்த்தாள், மனசு அதிலேயே நிற்குதாம், தனக்கு வேணுமாம் என்று அவளிடம் சொல். சம்பந்தி ஆசைப்பட்டு வாய்விட்டுக் கேட்டதை மறுக்கிற கசாக் பெண் இன்னும் பிறக்கவில்லை. முகம் சுளிப்பாள், பெண்ணுக்குப் போட்டதையும் பிடுங்குறாளே, சந்தைக்காரி புத்தி போகுமா என்று கலாம்காஸ் காதில் சொல்லுவாள். சொல்லட்டும். நீ எனக்காக வாதாடப் போகாதே, தலையைக் குனிந்துகொள். பதிலுக்கு ஒட்டக ரோமச் சால்வை ஒன்று வைத்திருக்கிறேன், இரண்டு கையாலும் கொடு. வேறு தோல் கொண்டுவருகிறேன் என்று அவள் கிளம்பினால், மருமகளுக்குப் புதுசு நானே அனுப்புவதாகச் சொல்லித் தடுத்துவிடு.

உங்கள் பாதை வெண்மையாகட்டும், பிறக்கிறவர் நீண்ட ஆயுளோடு வரட்டும், மருமகளை அம்மா முத்தமிட்டதாகச் சொல். மறக்காதே, தோல் போகும்வரை அவள் ஹீட்டர் இல்லாத பின்சீட்டில்தான் உட்காரவேண்டும். இதைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் வெள்ளிக்கிழமை திரும்புகிறார், அவர் கையிலேயே தோலைக் கொடுத்தனுப்பு. பஸ் நிலையத்துக்கு நானே போய் நிற்பேன், அது என் கைக்கு வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம்.

இப்படிக்கு,
பேராசைக்காரி என்று பெயர் வாங்கப்போகும் உன் அம்மா
ஸௌரே