வெளியாள் யாரும் வரவில்லை

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று கை தானாக எழுதப் போனது. மனுஷர்கள் நலம்தான். இறால்தான் சரியில்லை.

முதல் குளத்தில் மூன்று நாளாகத் தீவனம் மிச்சமாகிறது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் போட்டது போட்டபடி கிடக்கிறது. நேற்றுக் காலை நாலைந்து இறால் கரையோரமாக, போக்கிடம் தெரியாத ஆள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. மேஸ்திரி பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. பதினோரு வருஷமாக நம் குளங்களைப் பார்த்துக்கொள்கிற மனிதர் அப்படி வாயை மூடிக்கொண்டால் அது சின்ன விஷயமாக இருக்காது. உன் அத்தான் வெயில்தான் காரணம் என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் வெயில்தான் காரணம்.

பத்து இறாலை ஸ்பிரிட்டில் போட்டு, ஐஸ் வைத்து, பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். ஆய்வகத்துக்குள் உன் போனை வாங்கி வைத்துவிடுகிறார்களாம், நீ வெளியே வரும்போது எனக்கு வேலை. பெட்டி எப்படியும் வருகிறதே, கடிதமும் அதிலேயே வரட்டும். உங்கள் படிவத்தையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். குஞ்சு விட்டு அறுபத்தாறு நாள். குஞ்சைப் பரிசோதித்துத்தான் விட்டோம். வாரம் தவறாமல் நல்ல கிருமிக் கரைசல் ஊற்றுகிறோம். பதினைந்து நாளில் வெளியாள் யாரும் வரவில்லை. ஒரு கட்டம் விடவில்லை, பார்த்துக்கொள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீ வீசின வலை தட்டு மாதிரி வட்டமாக விழுந்ததை உன் அத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளைக்கு வலை வீசத் தெரியும் என்று சொல்லலாமா என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றும் இல்லை என்று எழுத முடியவில்லை. வெள்ளைப்புள்ளி நோய். இரண்டு தடவை சோதனை போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவையும் அதுதான்.

இது வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. யார் எந்த டப்பாவோடு வந்தாலும் வாங்காதே. மதகை உடனே அடைத்துவிடு, முதல் குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. செத்ததைக் காக்காய் தூக்காமல் பொறுக்கி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல். இந்தக் குளத்து வலை, வாளி, கயிறு எதுவும் அடுத்த குளத்துக்குப் போகக் கூடாது. எல்லாம் செத்த பிறகு ப்ளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரை அப்படியே வைத்திருக்க வேண்டும். மூன்றாம் குளம் பாதைக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பதால் அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும்.

நோய்க்குப் பெயர் வைக்கத்தான் என்னைப் படிக்க வைத்தீர்கள் போலிருக்கிறது. அதற்கு மேல் என்னால் எதுவும் முடியவில்லை, அக்கா.

அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முதல் குளம் முடிந்தது. இரண்டாவதும் முந்தாநாள் முடிந்தது.

உன் கடிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. குறை சொல்லவில்லை, ஆனால் 'அழாதே அக்கா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

செத்த இறாலின் தலை ஓட்டை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாக்பீஸ் தூள் சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாக. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. வாங்காதே என்று நீ எழுதியும் வாங்கினேன். தீவனக் கடைக்காரர் ஒரு பொடி கொடுத்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் பூண்டை அரைத்து ஊற்றச் சொன்னார். இன்னொருவர் வெல்லத்தில் ஊறவைத்த கிருமிக் கரைசல் என்றார், அது இரண்டு டிரம். எல்லாவற்றையும் ஊற்றினேன். சும்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கையில் ஒரு வாளியாவது இருந்தால் ஏதோ செய்கிற மாதிரி இருக்கிறது.

அடிமண்ணைக் காயவைத்தோம். குஞ்சைப் பரிசோதித்தோம். வாசலில் மருந்துத் தொட்டி வைத்தோம், அதில் கால் நனைக்காமல் நானே உள்ளே போனதில்லை. எல்லாம் முறைப்படி செய்துவிட்டு எந்த ஓட்டை வழியாக இது வந்தது என்று உன் அத்தான் சோறு தண்ணீர் இல்லாமல் யோசித்தார். கடைசியில் மேஸ்திரிதான் என்று முடிவு கட்டினார். மேஸ்திரியின் மச்சினன் கழிமுகத்துப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறானாம். அங்கேயும் இதே நோயாம். மேஸ்திரி அங்கே போய்வந்திருக்க வேண்டும் என்கிறார்.

"நான் எங்கயும் போகலம்மா. அவன் மூஞ்சியப் பார்த்தே ஆறு மாசம் ஆச்சு" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார் மேஸ்திரி. உன் அத்தான் கேட்கிற நிலையில் இல்லை. "போதும், கிளம்பு" என்றுவிட்டார். மனிதர் தன் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் தொட்டியில் காலை நனைத்துவிட்டுப் போனார். வெளியே போகிறவர் எதற்கு நனைக்க வேண்டும், சொல். பழக்கம்.

நான் குறுக்கே பேசவில்லை. யாராவது ஒருவர் செய்ததாக இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது.

மூன்றாம் குளத்து இறால் பத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் இருபது நாள் தாங்கினால் போதும், பிடித்துவிடலாம். இது ஒன்றாவது மிஞ்சட்டும்.

அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் குளத்தில் நோய் இல்லை. ஆனால் அது அந்தப் பத்து இறாலுக்கு, அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் உத்தரவாதம். இருபது நாள் காத்திருக்காதே. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே பிடித்துவிடு.

இனி எழுத வேண்டியதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மேஸ்திரி இல்லை, அக்கா. நான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் நேராக வீட்டிலிருந்து வரவில்லை. கழிமுகத்துப் பண்ணையில் தீவனம் மிச்சமாகிறது என்று கூப்பிட்டார்கள், விடியற்காலையில் போயிருந்தேன். அவர்கள் வலை கிழிந்து கிடந்தது, என் வலையைப் போட்டுத்தான் மாதிரி எடுத்தேன். அங்கிருந்து உன் பண்ணை அரை மணி நேரம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் போவதா என்று வண்டியைத் திருப்பினேன். வலை வண்டியின் பின்னால் ஈரமாகவே கிடந்தது.

உன் வாசல் தொட்டியில் காலை நனைத்தேன். கையைக் கழுவினேன். அத்தானையும் கழுவ வைத்துக் கேலி செய்தேன். அப்புறம் முதல் குளத்தில் இறால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது பார்க்கலாம் என்று நீ கூப்பிட்டாய். மேஸ்திரி பண்ணை வலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "சார், நம்ம வலை இருக்கு, இதைப் போடுங்க" என்றார். நீ சிரித்துக்கொண்டே "அவனுக்கே சொல்லித் தர்றீங்களா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன்" என்றாய். நானும் சிரித்துக்கொண்டே வண்டியிலிருந்து என் வலையை எடுத்தேன். மற்ற பண்ணைகளில் அவரவர் வலையைத்தான் தொடுவேன், இது வேலையில் முதல் நாளே மனப்பாடம் ஆகிற விஷயம். ஆனால் அடுத்தவர் வலை எனக்கு வட்டமாக விழாது. உங்கள் எல்லார் முன்னாலும் அழகாக வீச வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை.

கழிமுகத்துப் பண்ணை முடிவு நாலாம் நாள் வந்தது. வெள்ளைப்புள்ளி. அதிலிருந்து உன் பெட்டியை எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வராமல் இருந்துவிடாதா என்று ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தேன். வந்ததும் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

படிவத்தில் வெளியாள் யாரும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். என்னை வெளியாளாக நினைக்க உனக்குத் தோன்றவில்லை. அதைத் திருத்தாமல் அப்படியே கோப்பில் வைத்தேன். எந்தப் பண்ணையில் நோய் என்றாலும் யார் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்போம். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை.

நண்டு கொண்டுவந்திருக்கலாம், பறவை கொண்டுவந்திருக்கலாம், எது என்று எந்த ஆய்வகமும் அடித்துச் சொல்ல முடியாது. ஆறு நாளாக அதைச் சொல்லித்தான் தூங்கினேன். மேஸ்திரி தூக்குப் பாத்திரத்தோடு போனதைப் படித்த பிறகு அதுவும் முடியவில்லை.

அவரைத் திரும்பக் கூப்பிடு. அத்தானிடம் நானே வந்து சொல்கிறேன். எப்போது வரட்டும் என்று ஒரு வரி எழுது.

தம்பி

*

பிப்ரவரி 22

தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். உன் அத்தான் கையில் சிக்கக் கூடாது என்று. ஒளித்து வைக்க ஆரம்பித்ததும் நானும் உன்னோடு சேர்ந்துவிட்டேன் என்று புரிந்தது.

மூன்றாம் குளத்தில் நோய் இல்லை என்ற முடிவை மட்டும் சொல்லி, இப்போதே பிடித்துவிடலாம் என்றேன் அவரிடம். "நோய் இல்லைன்னு உன் தம்பியே எழுதிட்டானே, அப்புறம் என்ன அவசரம்? அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த இடத்தில் நான் என்ன சொல்ல முடியும்? நாலு நாள் அப்படியே போனது.

அவருக்குத் தெரியாமல் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றேன். ஏன் என்று கேட்கவே இல்லை. "வலையைப் பத்தி சார் சொன்னாராம்மா?" என்றார். அவருக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

"அப்போ ஏன் நீங்க சொல்லலை?" என்றேன்.

"உங்க தம்பியைச் சொல்லி நான் அந்த வீட்டுல நிக்க முடியுமாம்மா? சொல்லாமலே நிக்க முடியலை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். நோயைக் கொண்டுவந்த ஆள் என்று எல்லாப் பண்ணையிலும் பேச்சாகிவிட்டதாம். வாசல் கம்பிக்கு உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். மூன்று இடத்தில் கேட்டுவிட்டார். இந்தக் கையை வேறு எந்த வேலைக்குக் கொண்டுபோவது என்று அவள் கேட்டாள்.

கிளம்பும்போது மேஸ்திரி வாசல்வரை வந்தார். "மூணாங் குளத்துல மதகுப் பக்கம் நண்டு வேலி ஒரு இடத்துல பிஞ்சிருக்கும்மா. அன்னிக்குத் தைக்கலாம்னு ஊசியெல்லாம் எடுத்து வெச்சேன். அதுக்குள்ள ஐயா போகச் சொல்லிட்டாரு" என்றார்.

பாதி தூரம் ஓடினேன். இந்த வயதில், இந்தக் காலோடு. நண்டு ஏறாமல் கட்டின வலைவேலியில் கிழிசல் ஒரு சாண் இருந்தது. உள்ளே கரைச் சேற்றில் நண்டு வளை, ஒன்றில்லை, ஏழெட்டு. நானே உட்கார்ந்து தைத்தேன். மறுநாள் காலை தட்டைத் தூக்கினால் தீவனம் அப்படியே இருந்தது.

உனக்கு மாதிரி அனுப்பவில்லை. அனுப்பி என்ன ஆகப் போகிறது? பெயர்தான் தெரியுமே. இன்றைக்கு இறால் செத்துக் கரை முழுக்க ஒதுங்கிவிட்டது. உன் அத்தான் நீ சொன்னபடி சுண்ணாம்பு போட்டுப் புதைத்துக்கொண்டிருக்கிறார். "தம்பி எழுதினதுல ஒரு வார்த்தை விடாம செய்யணும்" என்று என்னிடமே சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர்கள் கூட்டம். அங்கே எல்லார் முன்னாலும் மேஸ்திரி மேல் தப்பில்லை என்று உன் அத்தான் தன் வாயால் சொன்னால்தான் அந்த மனிதருக்கு இன்னொரு குளத்தில் கால் வைக்க முடியும். நான் சொன்னால் எடுபடாது, நீ வந்து சொன்னாலும் எடுபடாது. தப்பில்லை என்றால் யார் மேல் தப்பு என்று கேட்பார்கள். அதற்கு இவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆகவே இன்று மாலை இவரிடம் சொல்லப் போகிறேன். நீ வந்து சொல்கிறேன் என்றாய். வேண்டாம். நீ எதிரில் நின்றால் நான் உனக்காகப் பேசிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் அவரிடம் வாயைத் திறப்பேன். இல்லாவிட்டால் மனசு மாறிவிடும்.

அவர் கத்துவார் என்று நான் பயப்படவில்லை. கத்தமாட்டார். உன் பேச்சையே எடுக்கமாட்டார், அதுதான் நடக்கும். அந்த வலையைப் பற்றி அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இருக்கிறது. வலைக்காகக் கொஞ்சம், அதைச் சிரித்துக்கொண்டே போடச் சொன்னது நான்தானே. நீ அந்தக் கடிதத்தில் மதகை அடை, சுண்ணாம்பு போடு என்று எழுதினாயே, எழுதும்போது உனக்குத் தெரியுமே, அதற்காகத்தான் நிறைய. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கவும் வாய் வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொஞ்ச காலம் இந்தப் பக்கம் வராதே. நான் கூப்பிட்டாலும் வராதே.

அக்கா