களிமண் சரிவின் பச்சை ஈ

இல்லை லோரி, நேற்று எடுத்த படமும் போதவில்லை. பூமியின் அந்தப் பக்கம் இப்போது குளிர்காலம், இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

கடல் அரிப்பைத் தடுக்கத் திங்களன்று பாறைகள் வருகின்றன. நம் தெருவுக்குக் கீழே களிமண் சரிவில் ஊற்று கசியும் இடம் முழுவதும் மூடப்படும். அந்த ஈரத்தில்தான் இந்தப் பச்சை ஈ வாழ்கிறது, அரிசிமணியில் பாதி அளவு. இதைப் போலவே இன்னொன்று எல்லாக் கரைகளிலும் உண்டு. இரண்டையும் பிரிப்பது ஆணின் வயிற்று நுனியிலுள்ள ஒரு கொக்கி, அதையும் இறக்கை மறைத்துவிடுகிறது. நம்முடையது அரிய ஈதான் என்று உறுதியானால் வேலையை நிறுத்திவைப்பார்கள். ஈக்களைத் தேடிப் பதிவுசெய்யும் எங்கள் குழுவில் நிபுணர் ஹெவின் சொன்னால்தான் உறுதி. "படம் ஜோரா இருக்கும்மா, நுனி தெரியலையே, கொன்னு அனுப்புங்க, பாத்து சொல்றேன்" என்றார் போனில். கடைக்கார மெர்ஃபின், "நான் கடைக்குள்ள ஈ ஓட்டுறேன், நீ கரையில அதுக்குப் படம் புடிக்கிறே, நல்ல ஊருடி இது" என்கிறாள். அப்பா சிரிப்பதில்லை. "நம்ம பின்சுவர் கடலோட போகட்டும், உன் ஈ சௌக்கியமா இருக்கணும், அப்படித்தானே நெரிஸ்?" என்றார். போன புயலில் தோட்டத்தில் பாதி சரிந்தது உனக்குத் தெரியும். அவர் சொல்வது தவறில்லை. அதுதான் தாங்கவில்லை.

இந்தக் கோடை முழுக்கத் தேடி ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. ஆண். சேற்றின் மேல் நின்று ஓர் இறக்கையைத் தூக்கியது, பிறகு மற்றதை. பெண்ணை அழைப்பது அப்படித்தான். பெண் இல்லை, சுற்றிலும் ஒன்றுமில்லை, அது தூக்கிக்கொண்டே இருந்தது. நான் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்தேன். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் மயங்கும், புரட்டிப் போட்டு நுனியைப் படமெடுக்கலாம். எடுத்தேன். விளக்குச் சூட்டில் எழுந்துவிட்டது, படம் மங்கல். மறுபடியும் வைத்தேன், மறுபடியும் மங்கல். "வெண்ணெய் எடுக்கப் போனா பக்கத்துல பொணம்" என்கிறார் அப்பா. பிணமில்லை, இன்னும் கால் அசைகிறது. கொன்றால் அது இங்கே இருந்தது என்று நிரூபிக்கலாம், நிரூபித்த பிறகு இங்கே எதுவும் இல்லாமல் போகலாம். விட்டால் திங்களன்று அதன்மேல் பாறை. எந்தப் பக்கம் யோசித்தாலும் என் கைதான் தெரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பல்வலியை இழுத்தடிக்காதே, வைத்தியரிடம் போய்விட்டு எழுது. உன்னைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கட்டும், நீ கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்க்கட்டும். வேறென்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

உன் அம்மா,
நெரிஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் எழுந்து போய், குழாயை ஃப்ரீசருக்கு மாற்றினேன்.