விசிலுக்குத் திரும்பிய பருந்து

ஞாயிறு, தாகேதா, பர்மா.

முருகேசன் என் தங்கை புருஷன் என்பதால்தான் இன்று அவன் பல்லை உடைக்காமல் விட்டேன்.

தன்லியின் என்ற ஊரில், ஆற்றோரத் தோட்டம் ஒன்றில், பருந்து பழக்கும் கோ மின் தன் பருந்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். அவர் விசிலடித்தால் அது வந்து அவருடைய தோல் கையுறையில் இறங்கும். உடனே ஒரு துண்டு கோழிக்கறி கிடைக்கும். நானும் முருகேசனும் கேமராவோடு வேலியோரம் நின்றோம். பருந்து எங்களுக்கு முதுகைக் காட்டியே பறந்தது. படத்துக்கு அதன் முகம் கிடைக்கட்டும் என்று முருகேசன் அவரைப் போலவே விசிலடித்தான். அது சட்டென்று திரும்பி எங்களை நோக்கி வந்தது. இங்கே கையுறையும் இல்லை, கறியும் இல்லை. இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு கோ மின் எத்தனை முறை விசிலடித்தும் வரவில்லை.

"யார் விசிலடிச்சது?" என்று அவர் பர்மியத்தில் கேட்டார்.

முருகேசன் லென்ஸைத் துடைத்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னான்: "வாயத் தொறக்காத மச்சான், அது தானா வந்துரும்."

நானும் திறக்கவில்லை.

நாங்கள் கிளம்பும்வரை அவர் கையுறையை உயர்த்தியபடியே நின்றார். அந்தத் திருட்டுப் பயல் பஸ்ஸில் குறட்டை விட்டுக்கொண்டு வந்தான்.

அவன் எடுத்த படம் மங்கல். என் படத்தில் பருந்தின் கண் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. கறி எங்கே என்று என்னையே பார்க்கிறது. அழிக்கத்தான் கேமராவைக் கையில் எடுத்தேன். இன்னும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.