வாகனத்தை விட்டு இறங்காதவள்

மச்சான்,

நம் கார்ட்டூனின் கடைசிப் பாகம் வந்துவிட்டது. கார்ட்டூன் என்றால் உனக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்லச் சொல்வாய். இன்று மத்தியானம் வலையைக் காயப் போட்டுவிட்டு மகளின் போனில் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். வாகனத்துக்குள்ளேயே இருக்கிற அந்தப் பெட்டையின் குரல் கேட்டதும் உன் கடையின் ஈயப் புகை மூக்கில் ஏறியது. அவள் பிடிபட்டுவிட்டாள், மச்சான். தன் கூட்டாளிகளின் இரகசிய வழிகளை எதிர்க் கும்பலுக்கும் கொடுத்திருக்கிறாள். ஏன் கொடுத்தாள் என்று இன்னும் காட்டவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்று உன்னிடம் சொல்லிக் காட்டத்தான் முடியவில்லை.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உன் கடையில் போனும் திருத்துவாய், எங்கள் படகுகளின் ஜிபிஎஸ்ஸும் திருத்துவாய். வேலை முடியும்வரை எங்களுக்குப் பொழுது போகட்டும் என்று மடிக்கணினியில் அந்தத் தொடரை ஓடவிடுவாய். மழையும் விளம்பர வெளிச்சமும் ஓயாத ஒரு நகரம். பாதி உடம்பு இயந்திரமான ஆட்கள். கதாநாயகன் சுவரேறிக் குதித்துச் சண்டை போடுவான். அவளோ ஒரு வாகனத்தின் பின்பக்கத்தில் வயர்களுக்கு நடுவே இருந்துகொண்டு அவனுக்குக் கதவுகளைத் திறந்துவிடுவாள். எல்லாருடைய இரும்புக் கையையும் கண்ணாடிக் கண்ணையும் திருத்துகிறவளும் அவள்தான். கண்ணைத் திருத்தும்போது அந்தக் கண் கண்டதெல்லாம் அவளுக்கும் தெரிந்துவிடும்.

உனக்கு அவள் என்றால் உயிர். "அவள் இல்லாட்டி உன்ர ஹீரோ கதவைத் தட்டிக்கொண்டு நிக்க வேண்டியதுதான்" என்பாய்.

"எல்லாம் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாள். அதுதான்ரா எனக்குப் பயம்" என்றேன் நான். அப்போது நான் அவளைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது உனக்கு விளங்கியிருக்கும்.

கடலுக்குப் போகிற எங்களுக்கு ஜிபிஎஸ்தான் இரும்புப் பெட்டி. கடலடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டு, அந்தப் பார், எங்கே என்று அதில்தான் குறித்து வைத்திருப்போம். பெற்ற பிள்ளைக்கும் லேசில் காட்டமாட்டோம். யாராவது எட்டிப் பார்த்தாலும் ஏமாறட்டும் என்று நல்ல இடத்துக்குக் கெட்ட பெயர் வைப்பது எங்கள் வழக்கம். விளைமீன் குவிகிற என் பாருக்கு நான் வைத்த பெயர் ‘சேறு’. எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு கருவியை உன்னிடம் தந்தேன். நீ திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"மச்சான், சேத்துக்கு ஏன்ரா இவ்வளவு தரம் போய் வந்திருக்கிறாய்?"

படகு போன தடமெல்லாம் கருவியில் கோடு கோடாகக் கிடந்தது. பெயரை மறைத்த நான் தடத்தை அழிக்க மறந்துவிட்டேன்.

அந்த வருசச் சோளகக் காற்றுக் காலத்தில்தான் என் பாரில் வேற்றுப் படகுகளைக் கண்டேன். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. எனக்குச் சோறு போட்ட இடம் அது. அன்றிலிருந்து உன் கடைக்கு வந்தால் படம் பார்க்கிற சாட்டில் உன்னைத்தான் பார்த்தேன். கதிரையை யாருக்கு இழுத்துப் போடுகிறாய், யார் வந்தால் குரலைத் தாழ்த்துகிறாய், யாருக்குப் பிளேன்டீ சொல்கிறாய் என்றெல்லாம் கவனித்தேன். தேத்தண்ணி எல்லாருக்கும்தான் சொன்னாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்ர இடம் வெளியில போயிருக்கு."

நீ தலை நிமிரவில்லை. "கடலில வேலி போட்டனியோ?" என்றாய்.

அதை ஓம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா? இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை. அந்தத் தொடரை வேறு யாரோடு இருந்து பார்ப்பது?

பிறகு இழுவைப் படகுகள் என் வலையை அள்ளிக்கொண்டு போயின. கடன் வாங்கிப் புது வலை இறக்கியபோது கருவியும் நின்றுவிட்டது. நீ திருத்தித் தந்தாய், காசு வாங்கவில்லை. அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அந்தக் கிழமை முடிய முன்னமே உன் நெஞ்சு உன்னைக் கைவிட்டது. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, பல நாள் கழித்துக் கருவியைத் திறந்தால் நான் குறிக்காத ஒரு இடம் உள்ளே இருந்தது. பெயர் ‘சேறு இரண்டு’.

போனேன், மச்சான். வலை கனத்து வந்தது. கண் கலங்கிப்போனேன். அடுத்த நிமிடமே வயிறு எரிந்தது. இது யாருடைய பார்? இன்னொருவனின் இடத்தை எனக்குக் கொடுத்தவன் என் இடத்தை யாருக்குக் கொடுத்திருப்பான்? என் பாருக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவனுக்கு அந்த வருசம் எஞ்சின் களவுபோயிருந்தது. மற்றவனுக்கு வீட்டில் நோயாளி. இல்லாதவனுக்கு எடுத்துக் கொடுத்தாய் என்று நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் கொடுத்தது என் பொருளடா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

இரண்டாம் முறை போனபோது விடத்தல்தீவுப் படகொன்று நேரே என்னிடம் வந்தது. வயதான மனிதர், எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் பாரில் மற்றவர்களை நான் பார்த்த அதே பார்வை.

"இந்த இடம் ஆர் தம்பி சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு வந்திட்டுது."

"நீரோட்டம் இண்டைக்கு மற்றப் பக்கம்." அவர் என் கருவியைப் பார்த்தார். "செத்துப்போன அந்தப் பெடியனிட்டத்தானே இதைத் திருத்தினனீ? எனக்கு அவனில எப்பவும் ஒரு சந்தேகக் கண்."

ஓம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். இரண்டு பேருமாக உன்னைத் திட்டித் தீர்த்து நெஞ்சை ஆற்றியிருக்கலாம். உன் பெயர் அன்றே கரையெல்லாம் நாறியிருக்கும். உன் மனுசி அந்தக் கடையை ஆள் வைத்து நடத்துகிறாள் என்பதும் எனக்குத் தெரியும்.

"சீச்சீ, அவனிட்ட நான் ஒண்டும் குடுக்கிறதில்லை அண்ணை" என்றேன். "நான் ஒருத்தரையும் நம்பாத ஆள். ஊரில கேட்டுப் பாருங்கோ."

அவர் கேட்டிருக்கிறார். ஊரும் ஓம், அவன் அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறது. அதோடு உன்னை விட்டுவிட்டார். நானே அவர் படகின் பின்னால் வந்து இடத்தைப் பிடித்தேன் என்ற நினைப்பில், இப்போது கடலில் என்னைக் கண்டால் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.