வெந்நீருக்காக விமானம் மாறுவதா

ஹெர்வாசியோ,

தூங்குறவனை எழுப்பிச் சண்டை போட நேரமில்ல, பஸ் வந்துடும். பசலைக்கீரை வச்சுச் சுட்ட தார்த்தா ஓவன்ல இருக்கு, புள்ளைங்களுக்குச் சூடு பண்ணிக் கொடு. பதினோரு மணிக்கு டிக்கெட் ஏஜென்சிலேர்ந்து அந்தப் பொண்ணு போன் பண்ணும். மாட்ரிட்டுக்கு நேர் ஃபிளைட்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் பேசாத.

"சாவோ பாலோல இறங்கி மாறினா காலை நீட்டிக்கலாம்"னு நேத்து சொன்னியே, அதை உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லு, நம்புவாங்க. நேரா போனா பன்னெண்டு மணி நேரம். மாறிப் போனா இருபது. அதுல ஏழு மணி நேரம் ஏர்போர்ட்ல இந்த ரெண்டு வாண்டுகளையும் யாரு கட்டி மேய்க்கிறது? உனக்குக் கால் ஒண்ணும் மரத்துப் போகல. உனக்கு நடுவுல இறங்கி, ஃபிளாஸ்க்ல கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ரொப்பி, மாத்தே டீ இலையில ஊத்தி உறிஞ்சணும், அதான். விமானத்துல வெதுவெதுன்னு தான் தண்ணி தருவாங்கன்னு பயம். நம்ம மொண்டெவிடியோவுல இந்தக் கிறுக்கு இல்லாத வீடு கிடையாது, எனக்கும் தெரியும். அதுக்காக ஒரு குடும்பத்தையே பிரேசில்ல இறக்குவியா?

அனலியா

எழுத மறந்தது: நம்ம பியா பொறந்தப்ப பதினாறு மணி நேரம் என் கையை விடாம உட்கார்ந்திருந்த. ஒரு மடக்கு மாத்தே குடிக்கல. அப்ப முடிஞ்சுதே.

இன்னொண்ணு: ஃபிளாஸ்கைத் தேடாத. என் பையில என்னோட வருது. மாத்தே இல்லாம இருக்க இன்னிக்கே பழகிக்கோ.