வராத கரும்பு வண்டி

ஆடி 20, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட கூழ் வற்றல் பாதி பக்கத்து வீட்டுக் கூரையில். எடுத்துக் கொடுக்கவா போகிறார்கள். போன ஆடியிலும் கொடுக்கவில்லை.

இந்த டைரி போன வருஷத்துச் சாம்பிள். எங்கள் ப்ரெஸ்ஸில் ஆர்டர் பிடிக்க அச்சடித்து மிஞ்சியது. அச்சிட்டிருக்கும் கிழமை எல்லாம் தப்பு. அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

பழைய டிரெடில் அச்சு மிஷினை விலைக்குக் கேட்டு நாளைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வருகிறாராம். மகன் ராசேந்திரன் சொன்னான். என் மாமனார் மூன்றாம் கையாக வாங்கிய சீமை மிஷின். காலால் மிதித்தால் வாய் திறந்து திறந்து மூடும். திறக்கும்போது தாளை வைத்து எடுக்க வேண்டும், மூடுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் பட்டாசு லேபிள் எல்லாம் அதில்தான். இப்போது ஷெட்டு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.

"பராக்கு அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேம்மா. விக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கப் பாக்கணுமாம்" என்றான்.

பராக்கு அத்தை என்றால் என் நாத்தனார் செல்வக்கனி. பதினேழு வயதில் அந்த மிஷினில் இடது கையின் மூன்று விரலை விட்டவள். வேலையில் கண் இல்லாமல் பராக்குப் பார்த்தாள், விரல் போயிற்று என்று அந்தப் பெயர். பேரன் பேத்தி வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வைத்தது நான்.

மருந்துப் பெட்டியில் முட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது.

ஆடி 21, புதன்

காபிப்பொடி இல்லை. மருமகள் விமலாவிடம் நேற்றே சொன்னேன். காதில் வாங்கவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் பத்து மணிக்கு வந்தார். வார்த்தைக்கு வார்த்தை ங்க. சாக்கை எடுத்ததும் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவர் மாதிரி. வார்ப்பில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கைக்குட்டையால் துடைத்து வாசித்தார். நூறு வருஷத்துக்கு மேலாச்சுங்க என்றார். பிறகு குனிந்து முன்பக்கம் இரண்டு ஓட்டையைக் காட்டினார்.

"இங்க ஒரு கம்பி இருந்திருக்கோணுமுங்க. காணோமே."

"எங்க தாத்தா வாங்கும்போதே இருந்திருக்காது" என்றான் ராசேந்திரன்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேட்டன்ட் படமாம். புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தால் படம் போட்டுச் சர்க்காரில் பதிந்து வைப்பார்களாம், வேறு ஒருத்தன் என்னுடையது என்று சொல்லாதபடிக்கு.

"மிஷினுக்கு ஒரு பேட்டன்ட்டுங்க. இந்தக் கம்பிக்குன்னே தனியா இன்னொண்ணு. மிஷின் மூடறப்ப கம்பி எந்திரிச்சு வந்து கையைத் தட்டி வெளிய தள்ளிருமுங்க. இது இருந்தா விரலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

படத்தில் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கை வரைந்திருந்தது. ஐந்து விரலும் இருந்தது.

ராசேந்திரன் என் பக்கம் திரும்பினான். "யம்மா, உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. இங்க கம்பி கிம்பி இருந்துச்சா?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

மோர் டம்ளரோடு வந்த விமலா நின்றுவிட்டாள். அவள் கல்யாணத்தில் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்து எதை மிச்சம் வைத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லுகிறவள் நான்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. புளிக்குழம்பில் உப்பும் கூட.

ஆடி 22, வியாழன்

எழுதிவிடுகிறேன். கம்பி இருந்தது. கழற்றியது நான்.

ஆவணி மாதம். தீபாவளி லேபிள் சீசன். நானும் செல்வக்கனியும் மாற்றி மாற்றி மிதிப்போம். சாயங்காலம் மாமியார் லேபிள் கட்டுகளை எண்ணுவார். "கட்டிக்கிட்டு வந்தவளைவிட நான் பெத்தவளுக்குத்தான் கை வேகம்" என்பார். தினமும். தெருவுக்கே கேட்கும்படி. செல்வக்கனி கம்பியோடு பழகிவிட்டாள். அது தொட்டதும் கையை எடுப்பாள், தாளம் மாதிரி. எனக்கு அந்தத் தாளம் வரவில்லை. நான் குட்டை. கம்பி என் மணிக்கட்டை இடிக்கும், தாள் கோணும், லேபிள் கழிவாகும்.

ஒரு மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்த நேரம். ஸ்பானரால் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கம்பியை விறகுக்குள் சொருகினேன். அன்றைக்கு என் கட்டுத்தான் உயரம். மாமியார் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை செல்வக்கனி முறை. திரும்ப மாட்ட மறந்துவிட்டேன் என்று எழுதலாம். எனக்கு எதுவும் மறக்காது. இன்னும் ஒரு நாள் முந்த ஆசை. அவ்வளவுதான்.

கம்பி தொடும் என்று கையை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். தொடவில்லை.

எப்படி ஆச்சு என்று மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வெளியே கரும்பு வண்டி போச்சு. அதைப் பராக்குப் பாத்தா." வாயில் அப்படி வந்தது. ஆவணியில் எந்த ஊரிலிருந்து கரும்பு வண்டி வரும்? யாரும் கேட்கவில்லை.

கம்பியையும் யாரும் தேடவில்லை. தாளை அமுக்கத்தான் அந்தக் கம்பி, எப்போதோ உடைந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். செல்வக்கனி அதற்குப் பிறகு ஷெட்டில் காலே வைக்கவில்லை. நான் கம்பியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். பேரீச்சம்பழம் கொடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு ரத்தம் ஊறட்டும் என்று அந்தப் பழத்தைத்தான் கொடுத்தேன். கொட்டையை எடுத்து எடுத்து, என் கையாலேயே.

"மதினி மாதிரி யாரு பாப்பா" என்றாள்.

ஆடி 23, வெள்ளி

கோயிலில் கூழ். தூக்குவாளி நிறைய வாங்கி வந்தேன். நல்ல கூழ், மாங்காய் போதாது.

செல்வக்கனி போன். "நாளைக்கு வாரேன் மதினி. பஸ்ஸெல்லாம் இருக்கன்குடிக் கோயில் கூட்டமா இருக்கு. மெதுவாத்தான் வருவேன்."

நாளைக்கு:
உளுந்து ஊறப்போட
தைலம்
அவளுக்குப் பிடித்த சுண்டவற்றல்
சொல்ல

கடைசியை அடித்தேன். திரும்ப எழுதினேன்.

அவள் மேல் எனக்கு இருக்கிற பழைய கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் சீர்வரிசைப் பித்தளைச் சருவத்தை வாங்கிப்போய் ஒடுக்கோடு திருப்பிக் கொடுத்தது. என் அப்பா இறந்தபோது மூன்றாம் நாள்தான் வந்தது. கோபம் வந்தால் சொல்ல வேண்டாமே என்று பார்த்தேன். வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவளுக்கு வந்தது ஒரே ஒரு மாப்பிள்ளை. ஏழாயிரம்பண்ணைக்காரர், சங்கரபாண்டி. கையைப் பார்த்த பிறகும் சரி என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொல்லையில் என்னிடம் தனியாகக் கேட்டார், விரல் எப்படிப் போச்சு என்று. பழைய பதிலையே சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை. "நல்ல பொண்ணுதான். கொஞ்சம் பராக்கு. நாளைக்கு அடுப்பு, பிள்ளைன்னு வந்தா நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடணும்."

அவர்கள் திரும்ப வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

ஆடி 24, சனி

வந்தாள். சாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்ந்து, ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். கையில் ஒரு பொட்டலம் சேவு. தண்ணீர் கூடக் குடிக்காமல் நேரே ஷெட்டுக்குப் போனாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் உள்ளே கால் வைக்கிறாள். நானும் பின்னாலேயே.

மிஷினைத் தட்டினாள். "ஏலே, மூணு விரலைத் தின்னியே, செரிச்சுச்சா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"செல்வக்கனி, இதுல ஒரு கம்பி இருந்துச்சு."

"ஆமா. கையில வந்து இடிக்கும். இடிச்சதும் எடுத்துருவேன்."

"அன்னைக்கு அது இல்லை. முந்தின நா நான்தான் கழட்டினேன். உன்னை முந்தணும்னு."

அந்த இரண்டு ஓட்டையைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இல்லை மதினி. நான்தான் கரும்பு வண்டியைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"வண்டி வரலை, ஏட்டி."

"வந்துச்சு மதினி. மாட்டுக் கொம்புல பச்சைச் சாயம். ஒரு கரும்பு மட்டும் சரிஞ்சு தரையில கோடு இழுத்துக்கிட்டே போச்சு. எனக்கு இப்பவும் கண்ணுல நிக்கி."

"ஆவணி மாசம். கரும்பு ஏது? நானா சொன்னது அது. உங்க அம்மா கேட்டாக, சொல்லிட்டேன்."

சாக்கின் மேல் உட்கார்ந்தாள். ராசேந்திரன் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, அத்தையும் அம்மாவும் ரகசியமா?" என்றான். போய்விட்டான்.

"அம்பது வருசமா அந்தக் கரும்பைக் கனாவுல பாக்கேன்" என்றாள். "பாக்காம இருந்திருந்தா என்னன்னு என்னையே வஞ்சிருக்கேன். அது வரவே இல்லையா?"

"இல்லை."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடவில்லை. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து சேவுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சுண்டவற்றல் அப்படியே இருக்கிறது.

ஆடி 25, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

பதினொரு மணிக்குச் செல்வக்கனி போன். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

"விரலை விடுங்க. நானும் உங்களைச் சீண்டத்தான் செஞ்சேன், வேணும்னே வேகமா மிதிப்பேன். வயசு அப்படி. அந்தப் பேருதான் ஆறலை மதினி. பள்ளிக்கூடத்துல ஊரார் பிள்ளைகளை முப்பது வருசம் தூக்கி இறக்கியிருக்கேன். ஒண்ணு கீழ விழலை. உங்க மகனை ஒருநா என் மடியில போட்டீகளா?"

போடவில்லை. ஒரு நாள் கூட.

"உங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே. நான் பராக்குன்னு யார் யாருகிட்ட சொன்னீகளோ, அவுக கிட்டயெல்லாம் போய் இல்லைன்னு சொல்லுங்க. போன்ல வேண்டாம். நேர்ல. அவுக என்ன சொன்னாகன்னு எனக்குச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

உட்கார்ந்து எழுதினேன். மாமியார், இல்லை. என் வீட்டுக்காரர், இல்லை. ராசேந்திரன். விமலா. வெம்பக்கோட்டையில் என் தங்கச்சி. லேபிள் அறுக்க வந்த மாரியம்மா, இல்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா, இப்போது மகளோடு விருதுநகரில். சங்கரபாண்டியின் அம்மா, இல்லை. சங்கரபாண்டி இருக்கிறார். இப்படிப் பத்தொன்பது பேர். இருப்பது எட்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். எட்டுத்தான். செத்தவர்களுக்கு என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

ஆடி 26, திங்கள்

இட்லி கல். மாவு பொங்கவில்லை.

பலகாரம் முடிந்ததும் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். சொன்னேன்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றான் ராசேந்திரன். தட்டிலேயே கையைக் கழுவினான். அப்படிச் செய்யக்கூடாது என்று நான் சொல்லி வளர்த்தவன். பிறகு போனை எடுத்துக் கோயம்புத்தூர்க்காரரிடம், மிஷின் விஷயம் அத்தையைக் கேட்டுத்தான் சொல்லணும் என்றான்.

விமலா எழுந்திருக்கவே இல்லை.

"நான் பிள்ளை பெத்து வந்தப்ப சொன்னீகளே அத்தை, அவுக கையில மட்டும் குடுத்துராதன்னு. அன்னைக்கு அவுக கை ரெண்டையும் கழுவிட்டு வந்து நீட்டிக்கிட்டு நின்னாக. தூங்குறான்னு சொல்லிட்டேன். முழிச்சுத்தான் கிடந்தான். அவுகளுக்கும் தெரிஞ்சிச்சு."

பதினெட்டு வருஷமாக அவளோடு மல்லுக்கட்டுகிறேன். எனக்கு முன்னால் அவள் அழுதது இல்லை.

இரவல் கொடுத்த பெரிய சல்லடையைத் தங்கச்சியிடம் கேட்க வேண்டும். வெம்பக்கோட்டை போகும்போது.

ஆடி 28, புதன்

ஏழாயிரம்பண்ணை போய் வந்தேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், நின்றுகொண்டே. வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன், உள்ளே பெண்கள் நெருக்கியடித்து. சீசன்.

சங்கரபாண்டி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தலை நரைத்து, காது கொஞ்சம் மந்தம். அவர் வீட்டம்மா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தாயி. என்ன வேணும்?"

சாமான் வாங்க வரவில்லை என்று சொல்லி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி. கரும்பு வண்டி. கொல்லையில் அவர் அம்மாவிடம் நான் சொன்னது. செல்வக்கனி பராக்கு இல்லை, அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூச்சு வாங்கியது.

அவர் கல்லாவில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தப் பொண்ணு?" என்றார்.

"சிவகாசி. லேபிள் ப்ரெஸ் வீடு. இடது கையில விரல் இல்லாத பொண்ணு. நீங்க வெள்ளைச் சட்டை போட்டு வந்தீக. பையில பேனா மை கசிஞ்சிருந்துச்சு."

"நான் பொண்ணு பாக்கப் போனது ஏழெட்டு வீடு இருக்கும் தாயி."

"ஏழெட்டா?" வீட்டம்மா தராசை வைத்துவிட்டார். "எங்கிட்ட ரெண்டுன்னுல்ல சொன்னீக."

"ஒனக்கு எதுக்கு அந்தக் கணக்கு."

"கேசரிக்காவே அலைஞ்சிருப்பீக."

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நினைத்தார். நிஜமாகவே நினைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "மை கசிஞ்சது ஞாபகம் இருக்கு, அம்மா வஞ்சாக. பொண்ணு ஞாபகம் வரலை. மன்னிச்சுக்கிடுங்க தாயி."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். வீட்டம்மா ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். குடித்தேன். குடிக்காமல் இருந்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே செல்வக்கனி கூப்பிட்டுவிட்டாள்.

"பாத்தீகளா? என்ன சொன்னாரு?"

உன்னை நல்லா ஞாபகம் இருக்காம், ரொம்ப வருத்தப்பட்டாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அழகான பொய். அவளுக்கு நல்லதும்கூட. கரும்பு வண்டி மாதிரி தானாக வந்தது.

"ஞாபகம் இல்லைன்னுட்டாரு" என்றேன்.

ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பேரைச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"எந்தப் பேரை?"

"செல்வக்கனின்னு."

"சரி" என்றாள். "அடுத்து யாரு?"